விலையில்லாச் செடிக்கு யார் காவல்?

கிரீட் தீவில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. காதலிக்குப் பரிசு கொடுக்க நினைத்த இளைஞன் கடைவீதிக்குப் போகமாட்டான். கழுகு கூடு கட்டும் செங்குத்துப் பாறைக்குப் போவான். அங்கே பாறை வெடிப்பில் ஒரு சிறு செடி தொங்கிக்கொண்டிருக்கும். வட்டமான இலை, இலையெங்கும் வெள்ளைப் பஞ்சு போன்ற மயிர், கோடையில் இளஞ்சிவப்புப் பூ. அதைப் பறித்துக்கொண்டு உயிரோடு இறங்கி வந்தால் அவன் காதல் உண்மையானது! கால் வழுக்கி விழுந்து இறந்தவர்களும் உண்டு.

அந்தச் செடிக்கு டிக்டமோ என்று பெயர். நம் துளசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகத்தில் வேறெங்கும் காட்டில் தானாக முளைப்பதில்லை. கிரீட் ஒன்றே அதன் சொந்த ஊர். அதைப் பறிக்கப் போகிறவர்களுக்கு ஊரார் வைத்த பெயர் 'எரோன்டாதெஸ்'. காதலைத் தேடிப் போகிறவர்கள் என்பது பொருள்.

இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க நாட்டுத் தாவர சாஸ்திரி தியோஃபிராஸ்டஸ் இந்தச் செடியைப் பற்றி எழுதி வைத்தார். அம்பு பட்ட காட்டு ஆடு இதைத் தின்றால் உடம்பில் தைத்த அம்பு தானே வெளியே விழுந்துவிடும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. ரோமானிய மகாகவி வர்ஜில் தம் காவியத்தில், காயம் பட்ட வீரனுக்காக அவன் தாயான தேவதை ஐடா மலையிலிருந்து இதைக் கொண்டுவருவதாகப் பாடியிருக்கிறார்.

இத்தனை புகழ் வாய்ந்த செடியின் கதி பின்னால் என்ன ஆயிற்று? அந்தக் கதையில் இன்று உலகமெங்கும் பேசப்படும் பெரிய கேள்வி ஒன்று அடங்கியிருக்கிறது. செடிகொடிகளைக் காப்பாற்றுவது எது? விலையா, வேலியா, அல்லது மனிதர் மனமா?

மலையும் தோப்பும்

கிரீட், மத்தியதரைக் கடலின் பெரிய தீவுகளில் ஐந்தாவது. கிரேக்க நாட்டுக்குச் சொந்தமானது. கிழக்கு மேற்காக 260 கிலோமீட்டர் நீளம். அகலமோ மிகக் குறைவு. ஓரிடத்தில் 12 கிலோமீட்டர்தான். இந்தச் சின்ன இடத்தில் 2,400 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலைகள் நிற்கின்றன. மாசி, பங்குனியில் சிகரத்தில் பனி மூடியிருக்க, அடிவாரத்தில் ஆரஞ்சுப் பழம் பழுத்துத் தொங்கும்.

சுமார் 50 லட்சம் ஆண்டுகளாக இந்தத் தீவு கடலால் தனித்து நிற்கிறது. மலைகளுக்கு நடுவே ஆழமான பள்ளத்தாக்குகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விதை போவது கடினம். இப்படித் தனியே அடைபட்ட செடிகள் தங்கள் போக்கில் மாறி மாறிப் புது இனங்களாகிவிட்டன. தீவில் சுமார் 1,800 வகைச் செடிகள் காட்டில் வளர்கின்றன. அவற்றில் ஏறத்தாழ பத்தில் ஒன்று கிரீட்டைத் தவிர வேறெங்கும் கிடையாது.

இது மலையின் செல்வம். சமவெளியின் செல்வம் வேறு. அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆலிவ் தோப்புகள். கோடிக்கணக்கான மரங்கள். திராட்சை, எலுமிச்சை, ஆரஞ்சு, பாதாம். புளியம்பழம் போலக் கறுப்புக் காய் தொங்கும் கரோப் மரம். பொன்னும் வைரமும் நிறுக்கும் 'காரட்' என்ற அளவு இந்தக் கரோப் விதையின் கிரேக்கப் பெயரிலிருந்தே பிறந்தது. 1941-ல் ஜெர்மன் படை தீவைப் பிடித்த பின் வந்த பஞ்ச காலத்தில் இந்தக் காய்தான் பல குடும்பங்களின் பசியைத் தணித்தது.

மலைச் செடி ஒரு பக்கம், தோப்பு ஒரு பக்கம் என்று இரண்டையும் பிரித்துப் பார்ப்பது நம் வழக்கம். காட்டை அழித்தால்தான் பயிர்; பயிரை விட்டால்தான் காடு என்று நினைக்கிறோம். கிரீட்டின் கதை அப்படி இல்லை.

கிழட்டு மரம் சொல்லும் பாடம்

தீவின் மேற்கே வூவெஸ் என்ற கிராமத்தில் ஓர் ஆலிவ் மரம் இருக்கிறது. அடிமரத்தின் சுற்றளவு சுமார் 12 மீட்டர். முறுக்கி முறுக்கிப் பிழிந்த துணி போல இருக்கும். வயது இரண்டாயிரம் என்பார்கள் சிலர். நாலாயிரம் என்பார்கள் சிலர். நடுத்தண்டு உளுத்துப் பொந்தாகிவிட்டதால் வளையங்களை எண்ணிக் கணக்குச் சொல்ல வழியில்லை. ஆனாலும் கிழவி இன்னும் காய்க்கிறாள்! 2004-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக் பந்தயத்தில் வெற்றி பெற்றவர்களின் தலையில் சூட்ட இந்த மரத்துக் கிளைகளும் போயின.

இந்த மரத்தில் ஒரு விசேஷம் உண்டு. கீழே இருப்பது காட்டு ஆலிவ். மேலே இருப்பது நாட்டு ஆலிவ். யாரோ ஒரு குடியானவன், பெயர் தெரியாதவன், காட்டு மரத்தின்மேல் நல்ல காய் காய்க்கும் கிளையை ஒட்டுக் கட்டினான். வறட்சியையும் பாறையையும் தாங்கும் வேர் காட்டினுடையது. எண்ணெய் தரும் கிளை தோட்டத்தினுடையது. இரண்டும் சேர்ந்ததால்தான் இந்த ஆயுள்.

அந்த மரம் தீவுக்கே ஓர் அடையாளம் என்று சொல்லலாம். கிரீட்டின் தோப்பு, காட்டு வேரின் மேல் நிற்கிறது.

இன்னொரு விஷயத்தையும் மறக்கக்கூடாது. தீவுக்கே உரியவை என்று பயணிகள் படம் பிடிக்கும் செடிகளில் பல, வந்தேறிகள். வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியும் ஆனைக்கற்றாழையும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. அவை நம் ஊருக்கும் அப்படியே வந்தவைதாம். ஆரஞ்சும் எலுமிச்சையும் ஆசியாவின் கொடை. பின்பனிக் காலத்தில் ஆலிவ் தோப்புகளில் மஞ்சள் கம்பளம் விரித்தாற்போல் பூக்கும் புளியாரை இனச் செடி தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. உலர்திராட்சைக்கான சுல்தானாக் கொடி பெருகியது 1922-க்குப் பின் ஆசியா மைனரிலிருந்து வந்த அகதிகளால். வந்தவரை வரவேற்கத் தெரிந்த மண் அது. அதில் குறையொன்றும் இல்லை. வந்தவர் பெருகும்போது, இருந்தவர் இடம் இழக்காமல் பார்ப்பதுதான் முக்கியம்.

ஏழையின் கீரை

கிரீட் ஜனங்களுக்குக் காட்டுச் செடி என்றால் வேடிக்கைப் பொருள் அல்ல. சோற்றுப் பானை விஷயம். மழை பெய்து மண் நனைந்ததும் கிழவிகள் கையில் ஒரு கத்தியும் பையுமாக வயலோரத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். பறித்த கீரைகளை வேகவைத்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, எலுமிச்சம்பழம் பிழிந்தால் கறி தயார். 'ஹோர்ட்டா' என்ற ஒரே பெயரில் பத்திருபது வகைக் கீரைகள் அடக்கம். எதை வேரோடு எடுக்கலாம், எதைக் கிள்ள மட்டும் வேண்டும், எது கசக்கும், எது கொல்லும் என்பதெல்லாம் அந்தக் கிழவிகளுக்கு மனப்பாடம்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின், 1948-ல், அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் ஸ்தாபனம் தீவு மக்களின் வாழ்க்கையை ஆராய ஆட்களை அனுப்பியது. ஆலிவ் எண்ணெய், ரொட்டி, பருப்பு, கீரை, பழம் — இவையே சாப்பாடு. இறைச்சி அபூர்வம் என்று அவர்கள் கண்டார்கள். 1960 வாக்கில் அமெரிக்க விஞ்ஞானி ஆன்செல் கீஸின் குழு ஏழு நாடுகளில் ஆண்களைப் பரிசோதித்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. இருதய நோயால் இறந்தவர்கள் மிகக் குறைவாக இருந்த கூட்டத்தார் கிரீட் கிராமத்தார்! அன்றிலிருந்து அந்தச் சாப்பாட்டுக்கு உலகப் புகழ்.

ஆனால் 1948-ல் அந்த ஜனங்களிடம் கேட்டபோது அவர்கள் என்ன சொன்னார்கள்? கீரை போதும் என்றா சொன்னார்கள்? இல்லை. இறைச்சி இன்னும் கிடைத்தால் தேவலை என்றே பலரும் ஏங்கினார்கள். வறுமையில் தின்ற கீரையை இன்று பணக்காரன் ஆரோக்கியம் என்று தேடுகிறான். உலகத்தின் போக்கு அப்படி!

அந்தக் கீரைகளில் ஒன்றின் கதை மிகவும் ருசிகரமானது. 'ஸ்டாம்நகாதி' என்று பெயர். ஸ்டாம்நா என்றால் தண்ணீர்க் குடம். அகாதி என்றால் முள். கடற்கரைப் பாறையிலும் மலைச் சரிவிலும் முட்புதராக வளரும் இதைப் பிடுங்கிக் குடத்தின் வாயில் வைத்து மூடுவார்கள். பூச்சி உள்ளே போகாது. குடத்துக்கு மூடியாக இருந்த முள்ளின் இளந்தளிர், இன்று நகரத்து ஓட்டல்களில் விலை உயர்ந்த கீரை. தோட்டங்களில் பாத்தி கட்டி அதைப் பயிரிடுகிறார்கள். ஒரு செடியின் பயன் என்ன என்று அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் இந்த முள்ளை நினைத்துக்கொள்ள வேண்டும்.

விலை காப்பாற்றியது

இனி டிக்டமோவுக்குத் திரும்புவோம். மதுபானத்துக்கு வாசனையூட்டவும், கஷாயத்துக்கும், மருந்துக்கும் அது வேண்டியிருந்தது. விலை ஏறியது. ஆட்கள் பாறை பாறையாக ஏறிப் பிடுங்கினார்கள். எட்டிய இடத்தில் எல்லாம் செடி மறைந்துபோயிற்று. எட்டாத பாறைகளில்தான் மிச்சம்.

காப்பாற்றியது யார்? எம்பாரோஸ் முதலிய கிராமங்களின் குடியானவர்கள். அவர்கள் அதைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து நட்டார்கள். வந்துவிட்டது! இன்று கடையில் விற்கும் டிக்டமோ தோட்டத்து டிக்டமோ. பாறையில் உயிரைப் பணயம் வைக்கவேண்டிய அவசியம் தீர்ந்தது. காட்டுச் செடிக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது. சட்டமும் அதற்குப் பாதுகாப்புத் தந்தது.

இதைக் காட்டிச் சிலர் ஒரு சித்தாந்தம் சொல்கிறார்கள். "பார்த்தீர்களா? சந்தைதான் நல்ல காவல்காரன். செடிக்கு ஒரு விலை வைத்துவிடுங்கள். அது தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும்" என்கிறார்கள். பாதி உண்மை. பாதி உண்மை முழுப் பொய்யை விட ஆபத்தானது.

விலை முதலில் டிக்டமோவை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது, பிறகுதான் காப்பாற்றியது. இடையில் அந்தச் செடி பிழைத்துக் கிடந்ததற்கு மனிதன் காரணம் அல்ல. பாறையின் உயரம் காரணம். மலைத் தேநீர் என்று பெயர் பெற்ற 'மலோடிரா' சமநிலத்துச் செடியல்ல. உயர்ந்த மலைச்சரிவில் வளர்வது. பூவைக் கொய்யாமல் வேரோடு பிடுங்குகிற கைகளால் அதற்கு வந்த துன்பம் கொஞ்சமல்ல. ஏறிப் பறிக்க எட்டும் செடிக்கு விலை எமனாகவும் வரும்.

விலையே இல்லாதவை

சரி, விலையே இல்லாத செடிக்கு என்ன வழி?

ஐடா மலைக்கு இன்று சிலோரிட்டிஸ் என்று பெயர். அதன் மேலே, சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே, தட்டுப் போன்ற பள்ளங்கள் உண்டு. அந்தப் பள்ளங்களில், கொத்துமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு குட்டிச் செடி தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை. 1990-ல்தான் விஞ்ஞானிகள் அதற்கு 'ஹார்ஸ்டிரிசியா' என்று பெயர் வைத்தார்கள். அழகான பூ இல்லை. மருந்துக் குணம் தெரியவில்லை. ஒரு மந்தை ஆடு ஒரு மாதம் அங்கே தங்கினால் தீர்ந்தது கதை.

மேற்குக் கோடியில் எலஃபொனிசி என்ற கடற்கரை. கோடையில் ஆயிரக்கணக்கான உல்லாசப் பயணிகள் மணலில் படுத்து வெயில் காய்வார்கள். அவர்கள் படுத்திருக்கும் மணலுக்கடியில் ஒரு கிழங்கு உறங்குகிறது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பயணிகள் ஊர் திரும்பிய பிறகு, குளிர்காலத்தில், அது இரண்டு மூன்று இலை விட்டு, தரையோடு வெண்ணிறப் பூப் பூக்கும். 'ஆண்ட்ரோசிம்பியம்' என்பது அதன் பெயர். நம் செங்காந்தள் எந்தக் குடும்பமோ, அதே குடும்பம். அதன் பூவை யாரும் பார்க்காததால்தான் அதன் துன்பத்தையும் யாரும் பார்க்கவில்லை.

வெள்ளை மலைகளில் 'அம்பெலிட்சியா' என்ற மரம். ஆட்டிடையர்களுக்குக் கைத்தடி செய்ய இதைவிட நல்ல மரம் இல்லை. அதனால் வெட்டினார்கள். வெட்டியது போக முளைத்ததை ஆடு கடித்தது. கடிபட்டுக் கடிபட்டு, மரமாக வேண்டியது முழங்கால் உயரப் புதராகப் பல பத்தாண்டுகள் நின்றுவிடுகிறது. உயிர் இருக்கிறது, வளர்ச்சி இல்லை.

இவற்றுக்காக ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 1962-ல் சமாரியாப் பள்ளத்தாக்கைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். அங்கே வாழ்ந்த கிராமத்தார் வெளியேற நேர்ந்தது. 2004-க்குப் பின் ஹானியா நகரத்து வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் பிறரும் சேர்ந்து, ஏழு அபூர்வச் செடிகளுக்காக ஏழு சிறு காப்பிடங்கள் ஏற்படுத்தினார்கள். எலஃபொனிசிக் கிழங்கும் அந்த ஏழில் உண்டு. வாய் என்ற கடற்கரையில் நிற்கும் ஐயாயிரம் ஈச்ச மரங்களைக் கூடாரம் அடித்தவர்களின் குப்பையிலிருந்தும் நெருப்பிலிருந்தும் காக்க வேலி போட்டார்கள். அந்த ஈச்ச இனத்துக்கு 1967-ல் வைத்த பெயர், பழைய தியோஃபிராஸ்டஸின் பெயர்தான்.

எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் வேலிக்கும் ஓர் எல்லை உண்டு. மலை முழுவதற்கும் வேலி போட முடியாது. போட்டாலும் இடையன் ஒரே இரவில் பிரித்துவிடுவான்.

இடையன் பகைவனா?

செடிகளைப் பற்றிப் பேசும் படித்தவர்களில் பலருக்கு ஆடு என்றாலே கோபம். கிரீட் முழுவதும் ஒரு காலத்தில் அடர்ந்த காடாக இருந்ததாகவும், ஆடும் கோடாரியும் அதை மொட்டையடித்ததாகவும் சொல்வார்கள். ஆலிவர் ராக்கமும் ஜெனிஃபர் மூடியும் 1996-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தக் கதையை மறுத்திருக்கிறார்கள். மனிதன் வருவதற்கு முன்பே குள்ள யானையும் குள்ள நீர்யானையும் மானும் அங்கே மேய்ந்துகொண்டிருந்தன. முள்ளும் வாசனை எண்ணெயும் செடிகளின் பழைய கவசங்கள். இன்று பயணி 'பாழ்நிலம்' என்று முகம் சுளிக்கும் முட்புதர்ச் சரிவில்தான் பல அபூர்வப் பூக்கள் வாழ்கின்றன. மேய்ச்சல் முழுவதும் நின்றால் அந்தச் சரிவும் மாறிவிடும்.

குற்றம் ஆட்டின் பேரில் இல்லை. கணக்கின் பேரில் இருக்கிறது. 1981-ல் கிரேக்க நாடு ஐரோப்பியக் கூட்டமைப்பில் சேர்ந்த பின், ஆட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கணக்கில் மானியம் வந்தது. மானியம் தலையை எண்ணியது, புல்லை எண்ணவில்லை. மந்தை பெருகியது. மலையுச்சி வரை மண் பாதை போட்டார்கள். முன்பு மாதக்கணக்கில் ஆட்டோடு நடந்து, இந்த மேட்டுக்கு இந்த வருஷம் ஓய்வு என்று கண்ணால் பார்த்து முடிவு செய்த இடையன், இப்போது வண்டியில் வந்து தீவனம் கொட்டிவிட்டுப் போகிறான். அவனுடைய பேராசை அல்ல இது. தூரத்து அலுவலகத்தின் அறியாமை.

தோட்டக்காரன் விஷயமும் அப்படித்தான். 1960-களில் தெற்குக் கடற்கரைக்குப் பிளாஸ்டிக் கூரைத் தோட்டம் வந்தது. தக்காளியும் வெள்ளரிக்காயும் மாரிக்காலத்திலும் விளைந்தன. ஏழை ஊர்கள் நிமிர்ந்தன. அதைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆனால் நிலத்தடி நீர் இறங்குவதும், கிழிந்த பிளாஸ்டிக் ஓடையில் குவிவதும், கடற்கரைச் செடிகள் இருந்த இடத்தில் கூரைகள் நெருங்குவதும் அந்த லாபக் கணக்கில் எழுதப்படாத செலவுகள்.

செய்ய வேண்டியது

டிக்டமோ சொல்லும் பாடத்தைச் சரியாகப் படிக்க வேண்டும். பயிரிட முடிந்த செடியைப் பயிரிட்டே காப்பாற்றலாம். மலோடிராவுக்கும் கீரைகளுக்கும் அதுவே வழி. தோட்டத்தில் விளைந்ததை வாங்குங்கள், மலையில் பிடுங்கியதை வாங்காதீர்கள் என்று பயணிக்குச் சொன்னால் போதும். பாதி வேலை முடிந்தது.

பயிரிட முடியாத, விலையும் இல்லாத செடிக்கு வேறு காவல் வேண்டும். அந்தக் காவலன் இடையன்தான். மலையை அவனைப் போல் அறிந்தவர் இல்லை. ஆட்டின் தலைக்குக் கொடுக்கும் மானியத்தை, அவன் ஓய்வு கொடுக்கும் புல்வெளிக்குக் கொடுக்கட்டும். ஹார்ஸ்டிரிசியா இருக்கும் பள்ளத்தை அவன் பொறுப்பில் விட்டு, அது பிழைத்தால் அவனுக்குச் சன்மானம் கொடுக்கட்டும். கீரை பறிக்கும் கிழவிகளின் அறிவைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கட்டும். பெயர் தெரிந்த செடியை மிதிக்க யாருக்கும் எளிதில் கால் வராது.

பயன் தெரிந்தால் காப்போம் என்பது வியாபாரியின் நியாயம். குடத்து மூடியாக இருந்த முள் கறியாகும் என்று யார் கண்டார்கள்? காட்டு வேரின்மேல் ஒட்டுக் கட்டிய குடியானவன், அந்த மரம் ஒலிம்பிக் வீரனின் தலையில் கிளையாக அமரும் என்று நினைத்திருப்பானா? அவன் செய்ததெல்லாம் ஒன்றே. வேரை வெட்டாமல் விட்டான்.

வூவெஸ் கிழவி இன்னும் காய்க்கிறாள். அவள் மேலே தாங்கும் பழம் ஒரு குடும்பத்துக்குச் சொந்தமாக இருக்கலாம். கீழே இருக்கும் காட்டு வேர் தீவுக்கே சொந்தம். அந்த வேருக்கு விலை கேட்காதவர்கள் இருக்கும் வரைதான் கிளையில் பழம் இருக்கும்.